எழுதாமல் விட்ட வரி



இலக்கியத் தொடரில் சட்டம் பேச வந்துவிட்டானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் சட்டத்தரணி அல்லன். பழைய நூல்களைப் புரட்டுவதிலும் பழைய மனிதர்களின் கதைகளைக் கேட்பதிலும் நாட்டமுள்ளவன், அவ்வளவே. ஆனால், பெற்றவர் பிள்ளையை உரிமையிலிருந்து தள்ளிவைப்பது இலக்கியத்துக்குப் புதிய பொருளா? தன் முதுமையை வாங்கிக்கொள்ள மறுத்த மூத்த மைந்தர்களை விலக்கி, இளையவன் பூருவுக்கு முடிசூட்டிய யயாதியின் கதை பாரதத்திலே உண்டு. விடிந்தால் முடி சூட வேண்டிய மைந்தனை விடிந்ததும் காட்டுக்கு அனுப்ப நேர்ந்த தசரதனின் கதையைக் கம்பன் வழியாக நாம் எல்லோரும் அறிவோம்.

அரசர்களுக்கு வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. குடிமக்களாகிய நமக்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்குத்தான் நமது பெரியவர்கள் மரணசாதனம் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியொரு காகிதத்தை நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் வாசிக்கக் கேட்டேன். அம்மப்பாவுக்கு வடமராட்சியில் ஒரு சிற்றூர். வயலும் தோட்டமும் பனங்காணியுமாக ஓரளவு ஆதனம். பிள்ளைகள் நால்வர். மாமாமார் இருவர், அம்மா, சின்னம்மா. சின்னம்மா தன் விருப்பப்படி வேற்று மதத்தவர் ஒருவரைக் கைப்பிடித்துக் கொழும்புக்குப் போய்விட்டார். சீதனமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. அந்த ஆண்டே அம்மப்பா நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து, சாட்சிகள் இருவரை வைத்து மரணசாதனம் முடித்தார். இன்ன வயல் பெரிய மாமாவுக்கு, இன்ன காணி சின்ன மாமாவுக்கு, வீடும் வளவும் அம்மாவுக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிவிட்டு, இளைய மகளுக்கு என் ஆதனத்தில் ஒரு சதமும் சேராது என்று முடித்திருந்தார்.

அம்மப்பாவின் அந்தியேட்டி கழிந்த மறுநாள் நொத்தாரிசு வந்து அதனை வாசித்தார். அந்தக் கடைசி வரி வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசித்து முடிந்ததும் நொத்தாரிசு தம் பையிலிருந்து வேறோர் உறுதியை எடுத்தார். மரணசாதனம் எழுதிச் சில காலத்தின் பின் அம்மப்பா வாங்கிய நாலு பரப்புத் தோட்டக் காணியின் உறுதி அது. அக்காணி மரணசாதனத்தில் இல்லை.

"அப்ப இது எங்கள் மூண்டு பேருக்கும்தானே?" என்றார் பெரிய மாமா.

"இல்லைத் தம்பி. நாலு பேருக்கும்."

"தங்கச்சிக்கு ஒண்டும் இல்லை எண்டு ஐயா வடிவாய் எழுதியிருக்கிறாரே?"

"இல்லை எண்டு எழுதினது மெய்தான். ஆனால் இந்தக் காணி ஆருக்கு எண்டு எழுதேல்லையே. ஆருக்கும் குடுக்காத காணி பிள்ளையளுக்குத்தான் போகும். அவவும் பிள்ளைதானே?"

எனக்கு அது பெரும் புதிராக இருந்தது. ஒரு மனிதர் தெளிவான தமிழில், கையொப்பமிட்டு, சாட்சி வைத்து 'இல்லை' என்கிறார். அந்த 'இல்லை' செல்லாது என்று இன்னொருவர் சொல்கிறார். இல்லை என்று எழுதினால் போதாதா? பல ஆண்டுகளுக்குப் பின், வங்காளத்து இலக்கிய வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த வேளையில் இதே கேள்வி மிகப் பெரிய அளவில் என் முன் வந்து நின்றது. இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டது அந்தக் கதையைத்தான்.

தாகூர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கவியரசர் இரவீந்திரநாதர். அவர் கல்கத்தா ஜோராசங்கோத் தாகூர்களின் வழியில் வந்தவர். அதே குலத்தின் மற்றொரு கிளை பாத்துரியாகாட்டாவில் வாழ்ந்தது. அந்தக் கிளையிலே 1801ஆம் ஆண்டு பிறந்தவர் பிரசன்னகுமார் தாகூர். பெரும் நிலக்கிழார், அரசாங்க வழக்கறிஞராகப் பணியாற்றிப் பொருளும் புகழும் ஈட்டியவர். இராஜாராம் மோகன்ராயரின் வட்டத்தைச் சேர்ந்தவர். 1831ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்து நாடக அரங்கு ஒன்றை ஏற்படுத்தியவர். வாசஸ்பதி மிஸ்ரரின் விவாத சிந்தாமணி என்னும் வடமொழித் தர்மநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சுருங்கச் சொன்னால், இந்துச் சட்டத்தை அவரைப்போலக் கற்றவர் அந்நகரில் சிலரே.

அவருக்கு ஒரே மகன், ஞானேந்திரமோகன். இந்துக் கல்லூரியில் படித்த இந்த இளைஞர், அந்நாளில் கல்கத்தாவைக் கலக்கிய கிறிஸ்தவ அறிஞர் கிருஷ்ணமோகன் பானர்ஜியின் தொடர்பால் மனம் மாறி, 1851ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பானர்ஜியின் மகள் கமலமணியை மணந்தார். தாகூர் குடும்பத்துக்கு இது இடி விழுந்தாற்போன்ற செய்தி. தந்தையின் வீட்டு வாசல் மகனுக்கு மூடப்பட்டது.

வாசலை மூடுவது எளிது. சொத்தை மூடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பழைய சாத்திரப்படி சாதியிலிருந்து நீங்கியவனுக்குப் பங்கு கிடையாது. ஆனால் மகன் மதம் மாறுவதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1850ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தை ஆங்கில ஆட்சி கொண்டுவந்திருந்தது. மதம் மாறியதனாலோ சாதியிழந்ததனாலோ ஒருவன் தன் வாரிசுரிமையை இழக்கமாட்டான் என்றது அச்சட்டம். இந்துப் பெருமக்கள் பலர் அதனை எதிர்த்து விண்ணப்பித்தும் பயனில்லாமற் போயிற்று. எனவே, பிரசன்னகுமார் எதுவும் எழுதாமல் இறந்தால் அத்தனை சொத்தும் அந்தக் கிறிஸ்தவ மகனுக்கே போய்ச் சேரும். தடுக்க வேண்டுமாயின் மரணசாதனம் எழுதியாக வேண்டும்.

அங்கே அவருக்கு வாய்ப்பான ஒரு செய்தி இருந்தது. தென்னாட்டில் வழங்கிய மிதாட்சர நெறிப்படி, பாட்டன் வழிச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு; தந்தை நினைத்தபடி அதனைப் பிறருக்கு எழுத முடியாது. வங்காளத்திலோ ஜீமூதவாகனரின் தாயபாக நெறி வழங்கியது. அங்கே தந்தை உயிரோடுள்ளவரை மகனுக்கு எந்தப் பங்கும் இல்லை. முதுசமாயினும் தேடிய தேட்டமாயினும் அனைத்தும் தந்தையின் கைப்பிடியில். அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம்.

1862ஆம் ஆண்டு பிறந்தது. அந்த ஆண்டிலேதான் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் ஞானேந்திரமோகன் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. இலண்டன் பல்கலைக் கல்லூரியில் இந்துச் சட்டமும் வங்க மொழியும் கற்பித்த பேராசிரியராகவும் அவர் விளங்கினார். அதே 1862இல்தான் கல்கத்தாவில் தந்தை மரணசாதனத்தில் கையொப்பமிட்டார். இருவருக்கும் இந்துச் சட்டமே துறை. ஒரே துறையில் இரு மேதைகள். ஒருவர் மற்றவரைத் தள்ளிவைக்கத் தம் கல்வி முழுவதையும் பயன்படுத்துகிறார்.

அந்த ஆவணத்தை அவர் அமைத்த விதத்தைப் பார்ப்பதற்கு முன், 'டிரஸ்ட்' எனப்படும் நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

நமக்கு இது புதிய கருத்தன்று. நந்திக்கிராமத்திலே பரதன் செய்தது என்ன? நாடு அவன் கையில் இருந்தது. ஆயினும் அவனுடையதாக இருக்கவில்லை. அரியணையில் அண்ணனின் பாதுகைகளை வைத்து, பதினான்கு ஆண்டுகள் பிறனுக்காகக் காத்துக் கொடுத்தான். பொருள் ஒருவன் கையில், பயன் இன்னொருவனுக்கு. இதுவே நம்பிக்கைப் பொறுப்பின் சாரம். பரதனுக்கு மனச்சாட்சி காவலாக இருந்தது. பரதனல்லாத மற்றவர்களுக்கு நீதிமன்றம் காவலாக இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்திலே இதற்கு வேறொரு பிறப்புக் கதை உண்டு. மத்திய காலத்தில் அங்கே நிலத்தைப் பொதுவாக மரணசாதனத்தால் கொடுக்க முடியாது. மூத்த மகனுக்கே நிலம் என்பது நாட்டின் சட்டம். இளைய மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க விரும்பிய தந்தைமார் ஓர் உபாயம் கண்டார்கள். உயிரோடிருக்கும்போதே நம்பிக்கையான நண்பர்களின் பெயருக்கு நிலத்தை மாற்றிவிட்டு, நான் கடைசியில் எழுதிவைப்பவருக்கு இதன் பயனைக் கொடுங்கள் என்று சொல்லிவைப்பார்கள். இறக்கும் நாளில் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. ஆகவே மூத்த மகன் கேட்பதற்கு எதுவும் இல்லை. நண்பர்கள் வாக்குத் தவறினால் மன்னரின் சான்சலர் அவர்களுடைய மனச்சாட்சியை விசாரித்து ஒழுங்குபண்ணுவார்.

வாரிசு மாறும்போது தனக்கு வரவேண்டிய வரிகள் இந்த உபாயத்தால் நழுவிப் போவதைக் கண்ட எட்டாம் ஹென்றி 1536இல் சட்டம் போட்டு அதனைத் தடுத்தான். நிலமுடையோர் கொதித்தெழுந்தார்கள். 1540இல் நிலத்தைப் பெரும்பாலும் மரணசாதனத்தாலேயே கொடுக்க அவன் இசைய வேண்டியதாயிற்று. ஆகவே, நம்பிக்கைப் பொறுப்பும் மரணசாதனமும் அந்த மண்ணில் கூடப் பிறந்தவை போன்றவை. சட்டம் காட்டிய வாரிசை விட்டு, தான் காட்டும் ஒருவருக்குக் கொடுக்க விரும்பிய மனிதருக்கு இரண்டும் சேர்ந்தே துணைபோயின.

இன்றைக்கும் மேல்நாடுகளில் இந்த இரண்டையும் இணைத்தே பயன்படுத்துகிறார்கள். வாழும்போதே பொறுப்பாளர் கையில் ஒப்படைத்த சொத்து, இறந்தவரின் ஆதனத்தில் சேராது. அதில் சேர்க்காமல் விடுபட்டவற்றை மரணசாதனம் வாரியெடுத்து அதே பொறுப்பில் சேர்த்துவிடும். ஒன்று குளம், மற்றது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் கசிவு இல்லையானால் தள்ளப்பட்டவருக்கு ஒரு துளியும் கிடைக்காது. அப்படியும் சில நாடுகளில் சட்டம் குறுக்கே நிற்கும். பிரான்சில் பிள்ளைகளுக்கென ஒரு பங்கைத் தந்தை தொடவே முடியாது. முழுச் சுதந்திரம் கொடுத்திருந்த இங்கிலாந்துகூட, 1938இல் கொண்டுவந்த சட்டத்தால், கைவிடப்பட்ட மனைவி மக்களுக்கு நீதிமன்றம் நியாயமான ஆதரவு வழங்கலாம் என்றது.

நமது இலங்கையில் நிலைமை எப்படி? ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டம் பிள்ளைகளுக்கு ஒரு நியாயப் பங்கை ஒதுக்கியிருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தன் ஆதனத்தை விரும்பியவருக்கு எழுத மனிதனுக்கு முழு உரிமை வந்தது. எங்கள் அம்மப்பாவின் கையில் இருந்த பேனாவுக்கு அத்தனை பலம் கொடுத்தது அந்தச் சட்டமே.

இனிக் கல்கத்தாவுக்குத் திரும்புவோம்.

பிரசன்னகுமார் தம் சொத்துகளைப் பொறுப்பாளர் சிலரிடம் ஒப்படைத்தார். கொடைகளும் உதவித்தொகைகளும் போக எஞ்சிய பெரும் நிலங்களின் பயனைத் தம் சகோதரரின் மகன் ஜதீந்திரமோகன் ஆயுள்வரை அனுபவிக்க வேண்டும். அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன்; அவனுக்குப் பின் அவன் மூத்த மகன்; இப்படியே தலைமுறை தலைமுறையாக ஆண்வழியில் போகவேண்டும். அவ்வழி அற்றுப்போனால் குடும்பத்தின் மற்றக் கிளைகளில் அதேபோலத் தொடரவேண்டும். ஆங்கிலப் பிரபுக்கள் தங்கள் மாளிகைகளை ஆண்வழியில் கட்டிவைக்கும் முறையை அப்படியே கொண்டுவந்து வங்காளத்து மண்ணில் நட்டுவிட்டார். மகனைப் பொறுத்தவரை, ஏற்கெனவே போதியன செய்தாயிற்று, இதில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்பதே அவர் நிலை.

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரசன்னகுமார் காலமானார். ஞானேந்திரமோகன் வழக்குத் தொடுத்தார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் விசாரணையும் மேன்முறையீடும் கண்டு, இறுதியில் வழக்கு இலண்டனில் கோமறைக் கழகத்தின் முன் வந்தது. பிரிவிக் கவுன்சில் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மன்றம். நமது நாட்டு வழக்குகளும் 1971ஆம் ஆண்டு வரை அங்கேதான் போய் முடிந்தன. 1872இல் தீர்ப்பு வந்தது. அதனை வழங்கியவர் நீதியரசர் வில்ஸ்.

தீர்ப்பைச் சாதாரணத் தமிழில் சொல்கிறேன். தந்தைக்கு மரணசாதனம் எழுத உரிமை உண்டா? உண்டு. வங்காளத்து இந்து தன் சொத்தை மகனுக்குக் கொடுக்காமல் பிறருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது தவறா? தவறில்லை. இதுவரை எல்லாம் தந்தையின் பக்கமே.

ஆனால் யாருக்குக் கொடுத்தார் என்ற இடத்தில் கணக்குப் பிசகியது. இந்துச் சட்டப்படி கொடை என்றால் வாங்குவதற்கு ஓர் ஆள் இருக்கவேண்டும். மரணசாதனம் செய்தவர் இறக்கும் வேளையில் உலகில் இல்லாத ஒருவனுக்கு, இன்னும் பிறக்காத பேரனுக்கும் பூட்டனுக்கும், அந்தச் சட்டம் கொடுக்கவிடாது. அதோடு, ஆண்வழியில் மட்டும் என்றென்றும் ஓடும் உரிமை என்ற ஒன்று இந்துச் சட்டத்திலேயே கிடையாது. கொடுப்பது வேறு, வாரிசு முறையையே புதிதாக இயற்றுவது வேறு. முன்னது தனிமனிதனின் உரிமை. பின்னது சட்டம் செய்யும் அரசின் வேலை. நேராகச் செய்யமுடியாத ஒன்றை நம்பிக்கைப் பொறுப்பு என்னும் பக்கவாசலால் செய்துகொள்ளவும் முடியாது.

ஆக, ஜதீந்திரமோகனின் ஆயுட்கால அனுபவம் செல்லும். அதற்கு அப்பால் தந்தை கட்டிய பரம்பரைக் கோட்டை முழுவதும் செல்லாது. அப்படியானால் ஜதீந்திரருக்குப் பின் அந்தச் சொத்து யாருக்கு?

இங்கேதான் எங்கள் ஊர் நொத்தாரிசின் குரல் எனக்கு மறுபடி கேட்டது. வாரிசுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவதனால் மட்டும் அவனுடைய உரிமை அற்றுப்போகாது என்றது கோமறைக் கழகம். வேறொருவருக்குச் செல்லத்தக்க முறையில் கொடுத்தால்தான் அவன் விலகுவான். கொடுக்கப்படாதது எதுவோ, கொடுக்க முயன்று தவறியது எதுவோ, அது இயல்பாகவே வாரிசிடம் திரும்பும். அவன் மரணசாதனத்தின் தயவால் வருபவன் அல்லன், பிறப்பால் வருபவன். ஆகவே ஜதீந்திரருக்குப் பின் அந்தச் சொத்துக்கு உரியவர், தள்ளிவைக்கப்பட்ட அதே மகன், ஞானேந்திரமோகன்.

'இல்லை' என்பதற்குச் சட்டத்தில் தனி வலு இல்லை. இன்னாருக்கு 'உண்டு' என்று சொல்லும்போதுதான் மற்றவருக்கு 'இல்லை' பிறக்கிறது. மறுப்பதற்கும் ஒரு கொடை வேண்டியிருக்கிறது. கோபத்தால் மட்டும் எழுதப்படும் மரணசாதனங்கள் தவறிப்போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கோபத்துக்கு யாரை விலக்குவது என்பது நன்றாகத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்பதில் அதற்குக் கவனம் போதாது. இந்துச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பிரசன்னகுமார், மகன் திரும்பி வரக்கூடிய ஒவ்வொரு வழியையும் அடைப்பதற்காக, அந்தச் சட்டம் அறியாத ஆங்கிலப் பூட்டொன்றைத் தேடிப் பூட்டினார். அந்தப் பூட்டே கழன்று விழுந்தது.

மகன் வென்றார் என்று சொல்லிக் கதையை முடிக்கலாமா? ஜதீந்திரமோகன் உயிரோடுள்ளவரை ஞானேந்திரருக்குக் கிடைத்தது எதிர்கால உரிமை ஒன்றுதான். அவர் 1890இல் இங்கிலாந்தில் காலமானார். ஜதீந்திரமோகனோ 1908 வரை வாழ்ந்தார். தந்தையின் நிலத்தில் உரிமையோடு கால்பதிக்கும் நாள் மகனின் வாழ்நாளில் வரவேயில்லை.

ஜதீந்திரமோகனைத் தீயவராக எண்ணிவிடாதீர்கள். வங்க இலக்கியம் அவருக்குக் கடமைப்பட்டது. வங்க மொழியில் எதுகையற்ற செய்யுள் நடைபெறுமா என்று மைக்கேல் மதுசூதன தத்தரோடு வாதாடி, 1860இல் அவர் எழுதிக் காட்டிய திலோத்தமா சம்பவ காவியத்தைத் தம் செலவில் வெளியிட்டவர் இவரே. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். மதுசூதனரும் 1843இல் கிறிஸ்தவராகி, அதனால் தந்தையைப் பிரிந்தவர். தந்தை பணம் அனுப்புவதை நிறுத்தியதும் சென்னைக்கு வந்து, பள்ளிக்கூட ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் காலந்தள்ளியவர். தந்தை இறந்தபின் 1856இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, சொத்துக்காக உறவினரோடு போராட வேண்டியிருந்தவர். மதம் மாறி வீட்டை இழந்த ஒரு மகனின் கவிதையை ஆதரித்த கைக்குத்தான், மதம் மாறி வீட்டை இழந்த இன்னொரு மகனின் நிலம் வந்து சேர்ந்தது.

பிரசன்னகுமாரின் ஆவணத்தில் தவறாமல் நிறைவேறிய கொடை ஒன்றும் உண்டு. சட்டக் கல்விக்காக அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்த நிதி. அதிலிருந்து 1870இல் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் தொடங்கின. முதற் சொற்பொழிவாளர் ஹெர்பர்ட் கவுவல்; அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்துச் சட்டம். தந்தையின் பெயரை இன்று சட்ட மாணவர்கள் இரண்டு விதமாக அறிவார்கள். ஒன்று அந்தச் சொற்பொழிவுகளால். மற்றது மகன் தொடுத்த அந்த வழக்கால். அன்போடு கொடுத்தது நின்றது. மறுப்பதற்காகக் கொடுத்தது நிற்கவில்லை.

தீர்ப்பின் பின் இந்தியாவில் சட்டங்கள் பல எழுந்தன. 1882இல் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் வந்தது. அதனைப் பெரிதும் பின்பற்றியே நமது நாட்டின் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அமைந்தது. பிறக்காத பிள்ளைக்கும் இந்துக்கள் வரையறைக்குள் எழுதிவைக்கலாம் என்று இந்தியாவில் 1916இல் சட்டம் திருத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சொத்தைக் கட்டிவைக்கும் வழக்கத்தை நமது நாடு 1972இல் சட்டத்தாலேயே ஒழித்தது. இறந்தவரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தன் விடையை எழுதிக்கொள்கிறது.

நேயர்களே, என் சின்னம்மாவின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை.

அந்த நாலு பரப்பில் தனக்குரிய பங்கைப் பற்றி அறிவித்ததும் சின்னம்மா கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்தார். நேரே நொத்தாரிசு வீட்டுக்குப் போய், தன் பங்கை அம்மாவின் பேரில் எழுதச் சொன்னார். அம்மா அழுது தடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். சின்னம்மா சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"அக்கா, ஐயா தந்திருந்தால் ஒருபிடி மண்ணெண்டாலும் வாங்கியிருப்பன். இது சட்டம் தாறது. சட்டம் எனக்கு ஐயா இல்லை."

கையொப்பம் வைத்துவிட்டு அன்றிரவே போய்விட்டார்.

நான் வளர்ந்து, தாகூர் வழக்கைப் படித்த பிறகு, ஊருக்குப் போயிருந்த சமயம் அந்த முதிய நொத்தாரிசைக் கண்டேன். கதையைச் சொன்னேன். கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"தம்பி, அந்த நாலு பரப்பு உறுதியை எழுதினதும் நான்தான். எழுதி முடிச்சிட்டு, 'இதை மரணசாதனத்திலையும் சேர்த்துவிடுவமோ ஐயா?' எண்டு கேட்டனான். 'பாப்பம்' எண்டார். பிறகு மூண்டு வரியம் இருந்தவர். என்னைக் காணுற நேரமெல்லாம் ஊர்க்கதை கதைப்பார். அந்தக் கதையை மட்டும் எடுக்கேல்லை."

"மறந்திருப்பாரோ?"

"உங்கடை அம்மப்பா மறக்கிற ஆளோ?"

'இல்லை' என்று எழுதிய கை அதன்பின் ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கிறது. எழுதிய வரியைத் திருத்த மனம் இடங்கொடுக்கவில்லை. மீண்டும் ஒருமுறை அதனை எழுதவும் மனம் வரவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நம்புகிறேன். அதற்குச் சாட்சி இல்லை, கையொப்பம் இல்லை, எந்த நீதிமன்றமும் அதனை ஏற்காது.

கொழும்புக்குத் திரும்பியதும் சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போது தலை நரைத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தக் காணி எந்தப் பக்கம் இருக்கிறது, அதில் கிணறு உண்டா என்று மட்டும் கேட்டார்.